கணக்கில் விடுபட்ட இரு சகோதரர்

கலைஞன் யாருக்கு உரியவன் என்னும் கேள்வி நம் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் அடிக்கடி எழுவதில்லை. எழுந்தாலும், அவன் எந்தப் பாஷையிற் பாடினான் என்பதை மட்டும் கேட்டறிந்து ஒரு நொடியில் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். அத்தகைய தீர்ப்பினால் நம் கணக்கிலிருந்து விடுபட்டுப்போன ஒரு கோஷ்டியைக் குறித்து இன்று சில வார்த்தைகள் எழுதத் துணிகின்றோம். தோட்டத்துக் காரியாலயத்தில் பெயர்ப்பதிவு எழுதுவதே நமது ஜீவனம். விடுபட்ட பெயரொன்றைக் கண்டபின் பேனாவை மூடிவைக்க நம்மால் இயலவில்லை.

அக்கோஷ்டியின் பெயர் ஆலிகேட்ஸ். சந்துப் பூனைகள் என்று பொருள்படும். 1960ஆம் ஆண்டுகளின் இறுதியில் பினாங்குத் தீவில் அது பிறந்தது. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் உடன்பிறந்தார் இருவரும் அதன் குரல்களாய் விளங்கினர். பெயரைப் படித்த அளவிலேயே அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பது நேயர்களுக்கு விளங்கும். முதலில் ஆங்கிலப் பாட்டுக்களைப் பாடித் தேர்ந்து, 1970ஆம் ஆண்டுகளில் ஹாங்காங் சென்று அங்குள்ள இரவு விடுதிகளிற் பாடினர். பின்னர் 1979இல் 'தெரிமா காசே', அதாவது 'நன்றி', என்னும் மலாய் இசைத்தட்டை வெளியிட்டனர். அதன்பின் இந்நாட்டில் அவர்கள் குரல் கேளாத வானொலிப் பெட்டி இல்லையென்று சொல்லலாம். 'சென்யும்லா கோலாலம்பூர்' என்று தலைநகரைப் புன்னகை பூக்கச் சொல்லும் பாட்டை மலாய்க்காரரும் சீனரும் இன்றும் அறிவர். சிங்கப்பூரிற் பிறந்த இசைமேதை எம். நாசிர் இசையமைத்த 'செகுந்தும் மாவார் மேரா செபுவா புயிசி' என்னும் பாட்டை அறியாத மலாய் ரசிகரைக் காண்பது அரிது.

அவர்கள் பயின்ற இசை யாது? ஆங்கிலத்தில் அதனைச் சோல் என்பர். ஆன்மா என்று பொருள். அமெரிக்க நாட்டில் அடிமைகளாய்ப் பருத்திக் காடுகளில் உழைத்த கறுப்பு மக்களின் வழித்தோன்றல்கள், தம் கோயிற் பாட்டையும் துயரப் பாட்டையும் ஒன்றாய்க் குழைத்து ஆக்கிய இசை அது. ரே சார்லஸ், 1967இல் இருபத்தாறே வயதில் விமான விபத்தில் மாண்ட ஓட்டிஸ் ரெடிங் முதலியோர் அதன் முன்னோடிகள். 1959இல் பெர்ரி கோர்டி என்பார் டெட்ராயிட் நகரில் நிறுவிய மோட்டவுன் என்னும் ஸ்தாபனம் அதனை உலகெங்கும் பரப்பிற்று. அவ்விசையில் ஒருவர் ஓர் அடியைப் பாட, சூழ இருப்போர் அதற்கு எதிர்க்குரல் கொடுப்பர். நம் தோட்டத்துப் பஜனையை அறிந்தவருக்கு இம்முறை புதிதன்று. தாளத்தின் நான்கு அடிகளில் இரண்டாவதும் நான்காவதும் ஓங்கி ஒலிக்கும். கை தானே தட்டும். ஆலிகேட்ஸ் கோஷ்டியார் குடைபோல் விரித்து வளர்த்திருந்த சுருள்முடியும் அம்மக்களிடமிருந்து வந்ததே. தம் தலைமயிரை இழிவென்று சொன்னோர் முன்னிலையில் அவர்கள் அதனையே பெருமையின் சின்னமாக்கினர். கூலியென்று ஏசப்பட்டோரின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு அதன் பொருளை யாரும் விரித்துரைக்க வேண்டியதில்லை.

லோகநாதன் 2007ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் நுரையீரற் புற்றுநோயால் மறைந்தார். டத்தோ பட்டம் பெற்றிருந்த டேவிட், 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தமது 75ஆம் வயதிற் காலமானார்.

அப்பின்னைய செய்தி நமது தோட்டத்தை அடைந்த விதத்தைக் கூறவேண்டும். செம்பனைக் குலைகளை ஏற்றிச் செல்லும் லாரியின் ஓட்டுநர் ஒரு மலாய்க்காரப் பெரியவர். பாக்சிக் என்றே அவரை யாவரும் அழைப்போம். நிறைச் சீட்டில் கையொப்பமிட வந்தவர், "கெராணி, டேவிட் போய்விட்டார்" என்றார். பிறகு லாரியில் ஏறாமல் சற்று நேரம் படியிலேயே அமர்ந்துவிட்டார். தம் கலியாணத்தின்போது அவ்விருவரின் பாட்டே இரவு முழுதும் ஒலித்ததென்று சொன்னார். அங்கு நின்ற நம் இளைஞர் நால்வர், "யார் அந்த டேவிட்?" என்று நம்மைக் கேட்டனர். ஆறுமுகத்தின் மகனுக்காக ஒரு மலாய்க்காரர் கண்கலங்குகிறார். நம் பிள்ளைகளோ அவர் யாரென்று கேட்கின்றனர்! அப்பிள்ளைகள்மேல் நாம் குறை காணோம். சொல்லிக் கொடாத பாடத்தை மாணவன் அறியவில்லையென்று நோவது நியாயமன்று.

"அவர்கள் தமிழிலா புகழ் பெற்றார்கள்? நாம் ஏன் கொண்டாடவேண்டும்?" என்பார் உளர். இவ்வெதிர்வாதத்தை நாம் அற்பமென்று தள்ளவில்லை. தமிழ்ப் பள்ளியில் மாணவர் குறைவதையும், வீட்டிலேயே தமிழ் தேய்வதையும் கண்டு அஞ்சுவோரின் அச்சம் அதில் இருக்கிறது. ஆங்கிலவழிக் கல்வி பெற்று, தமிழை அத்தை வீட்டுத் திண்ணையிற் கற்ற நமக்கும் அவ்வச்சம் உண்டு. ஆயினும், மொழியைக் காப்பது ஒன்று. மனிதரைத் தள்ளுவது வேறொன்று. கறுப்பு மக்கள் தம் ஆண்டைகளின் மொழியாகிய ஆங்கிலத்திலேயே பாடினர். அதனால் அப்பாட்டு ஆண்டைகளுடையதாகிவிட்டதா? அவ்வாறே, மலாய்ச் சொற்களைப் பாடியதனால் ஆறுமுகம் சகோதரரின் தொண்டை மாறிப்போகவில்லை. தேசிய மொழியில், அம்மொழிக்குரியாரே மெச்சும்படி, ஒரு தமிழ்க் குடும்பத்தார் பாடினரென்பது நம் மதிப்பைக் குறைப்பதாகாது.

சில ஆண்டுகளுக்கு முன், விழா ஒன்றில் நமது தோட்டத்து வாலிபன் ஒருவன் கித்தாருடன் மேடையேறினான். இரண்டு தமிழ்ப் பாட்டுக்களின் பின் ஆலிகேட்ஸ் பாட்டொன்றைத் தொடங்கினான். பாதியிலேயே ஒலிபெருக்கியை நிறுத்தி, "இது தமிழ் மேடை, தம்பி" என்று அவனை இறக்கிவிட்டனர். அதே மேடையில் சற்று நேரத்துக்கெல்லாம் ஓர் இந்திப் படப் பாட்டு ஒலித்தது; அதற்கு எவரும் மறுப்புச் சொல்லவில்லை. பம்பாயிலிருந்து வந்தால் கலையாம்; பினாங்கிலிருந்து வந்தால் அந்நியமாம். இந்த நியாயம் நமக்கு விளங்கவேயில்லை. அவ்வாலிபன் அதன்பின் மேடையேறியதை நாம் கண்டிலோம்.

நம் பிள்ளைகளுக்கு நாம் காட்டும் முன்மாதிரிகள் எத்தனை பேர்? டாக்டர், வக்கீல், கடல் கடந்த சினிமா நடிகர். இம்மண்ணிலேயே பிறந்து, பல இனத்தாரோடு ஒரே மேடையில் நின்று, எவரிடத்தும் தலை குனியாமல் தம் தொழிலால் உயர்ந்த இருவரை அப்பட்டியலில் சேர்ப்பதனால் நமக்கு என்ன நஷ்டம்? சேர்க்காததனால் வரும் நஷ்டத்தையோ அந்த வாலிபனின் மௌனத்திற் கண்டோம்.

ஆகவே, அன்பர்களே, சிலை வைக்கும்படியும் மாநாடு கூட்டும்படியும் நாம் வேண்டவில்லை. நம் மன்றங்களிலும் வாசகசாலைகளிலும் கலைஞர் வரிசையை எழுதும்போது இவ்விரு பெயரையும் எழுதுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வீட்டுப் பிள்ளைகளை அருகிருத்தி அவர்கள் பாட்டொன்றைக் கேட்கச் செய்யுங்கள். பாடுவோர் யார் மக்கள் என்பதையும் சொல்லுங்கள். அடுத்த விழாவில் எந்தப் பையனாவது கித்தாருடன் வந்து மலாய்ப் பாட்டொன்று பாட விரும்பினால், ஒலிபெருக்கியை நிறுத்தாதீர்கள். அவன் பாடி முடிக்கட்டும்.