தொலைந்த துண்டும் மிஞ்சிய துண்டுகளும்

பிள்ளைகள் விளையாடி முடித்த படப்புதிர்ப் பெட்டி ஒன்று உங்கள் வீட்டுப் பரணிலும் கிடக்கலாம். ஒரு துண்டு தொலைந்துவிட்டால், மிஞ்சிய அத்தனையும் குப்பைக்குப் போய்விடுகின்றன. அவற்றை எறிந்துவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

1760களில் இலண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர், பிள்ளைகளுக்குப் பூகோளம் கற்பிப்பதற்காக, நாட்டுப்படங்களை மரப்பலகையில் ஒட்டி, எல்லைக்கோடுகளின் வழியே அறுத்து விற்றார். இன்றைய அட்டைப் புதிர்களை இயந்திர அச்சுகள் வெட்டுகின்றன. ஒரே அச்சினால் வெவ்வேறு படங்களை வெட்டுவதும் உண்டு. அத்தகைய இரு புதிர்களின் துண்டுகள், படம் வேறாயினும், ஒன்றோடொன்று பொருந்திவிடும். அமெரிக்கக் கலைஞர் டிம் க்ளைன் இவ்வுண்மையைக் கொண்டே வியப்பூட்டும் புதுப்படங்களை ஆக்கியுள்ளார்.

பொருந்தாத துண்டுகளுக்கும் வழியுண்டு. என் மூத்த மகன் பிழைப்புக்காக வளைகுடா சென்றபின், அவன் சிறுவயதுப் புதிர்களை எறிய எனக்கு மனம் வரவில்லை. நீலத் துண்டுகளைக் கடலாகவும், பச்சையைத் தென்னையாகவும், திருப்பிப்போட்ட சாம்பல்நிறப் பின்புறத்தை மணற்கரையாகவும் கெட்டி அட்டையில் பரப்பினோம். தம்பியும் தங்கையும் இடம் மாற்றி மாற்றி வைத்தனர். எல்லோர்க்கும் மனம் நிறைந்த பிறகே பசையிட்டோம். இன்று எங்கள் ஊர்க் கடற்கரை சுவரில் நிற்கிறது. அதில் எந்தத் துண்டு குறைகிறது என்று எவரும் கேட்பதில்லை.

பெட்டி மூடியிலுள்ள படம் யாரோ வரைந்தது. நீங்கள் ஒட்டுவதோ உங்கள் வீட்டின் நினைவு. இந்த விடுமுறையில் பிள்ளைகளுடன் பரணைத் துழாவிப் பாருங்கள்.