ஆறு பேருக்கு மேலே கிடையாது

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள மச்சாள்,

ஸ்காபறோவில் இப்ப நல்ல கோடையாம், நீ வாசலில் பூக்கன்று நட்டுக்கொண்டிருப்பாய். இங்கே கச்சான் காற்று ஆளை வறுத்து எடுக்குது. மத்தியானத்தில் உட்துறைமுக வீதியில் ஒரு நாயும் இல்லை.

பெரிய புதினம் ஒன்று இருக்கு. நான் கதிர்காமத்துக்கு நடந்து போய் வந்திட்டேன்! முழுப்பாதையும் இல்லை, உகந்தை முருகனிடமிருந்து காட்டுப்பாதை மட்டும்தான். உடனே "தனியவோ போனாய்?" என்று கேட்பாய். இல்லையடி. அதுதான் புதினத்தின் மற்றப் பாதி.

என்ரை அவர் போனதுக்குப் பிறகு நான் தனிய ஊர் சுற்றத் தொடங்க, எங்கடை ஒழுங்கைச் சனம் என்னென்ன கதைத்தது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. இரவு ரயிலில் கொழும்புக்கு, பஸ்ஸில் அநுராதபுரத்துக்கு, மன்னாருக்கு எல்லாம் போனேன். பயத்தை விட அலுப்புத்தான் கூட. போற இடமெல்லாம் "தனியவோ வந்தனீங்கள்? பிள்ளையள் எங்கே?" மலசலகூடத்துக்குப் போறதென்றாலும் பையையும் தூக்கிக்கொண்டுதான் போகவேணும். அதைவிடச் செலவு. நிலாவெளியில் புறாத்தீவுக்குப் போக ஒருநாள் கரையில் நின்றேன். அங்கே படகுக்குத்தான் காசு, ஆளுக்கு இல்லை. தனி ஆள் என்றால் முழுப் படகின் காசையும் கொடு, இல்லையென்றால் ஆள் சேருமட்டும் மணலில் குந்து. 2003இல் அதைத் தேசியப் பூங்காவாக்கின பிறகு உள்ளே போகிற ரிக்கற்றும் தனி. கரைக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில் தீவு தெரியுது. நான் கச்சான்கொட்டை வாங்கித் தின்றுபோட்டு வீட்டை வந்திட்டேன்.

சரி, கூட்டத்தோடு போவோம் என்று ஒருக்கால் நுவரெலியாவுக்கு ஒரு பெரிய பஸ்ஸில் ஏறினேன். யார் கூட்டிக்கொண்டு போனது என்று எழுத மாட்டேன், இந்த ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். காலை நாலு மணியிலிருந்து சினிமாப் பாட்டு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலை எண்ணுறது, காணாமல் போன ஒரு மாமாவுக்காக எல்லாரும் முக்கால் மணித்தியாலம் வெயிலில் காவல். தேயிலைத் தோட்டத்தைக் கண்ணாடிக்குள்ளாலேயே பார்த்து முடிச்சேன்.

பிறகுதான் பாங்க் அக்கா வந்து மாட்டினா. பென்சன் எடுத்தும் கணக்குப் புத்தகத்தைக் கைவிடாத மனுசி, உனக்கு நினைவிருக்கும். அவவின் சட்டம் ஒன்றே ஒன்று: ஆறு பேருக்கு மேலே கிடையாது. ஆறு பேர் என்றால் ஒரு பானைச் சோறு காணும், இரண்டு ஓட்டோ காணும், ஒரு படகு காணும். இரண்டு பேர் கோபித்துக்கொண்டாலும் மிச்சம் நாலு பேர் கதைக்க இருக்கும். அவ, அவவின் மச்சாள், சங்கீத ரீச்சர், ஆஸ்பத்திரி மிஸ்ஸி, தபால் கந்தோரில் இருந்த அம்மா, பிறகு நான். முதல் வேலையாகப் புறாத்தீவுக்குப் போய் வந்தோம். படகுக்காசை ஆறாகப் பிரித்தால் ஒன்றுமில்லை.

இந்த ஆறு பேர்க் கணக்கை அக்கா புதிசாகக் கண்டுபிடிச்சது மாதிரிக் கதைப்பா. ஆனால் எங்கடை வாசலால் போன கதிர்காமப் பாதயாத்திரைக்காரரும் இப்படித்தானே போனவை? சந்நிதியில் வெளிக்கிட்டு, முல்லைத்தீவு கடந்து, கோணேசரைக் கும்பிட்டு, மூதூர், வெருகல், மாமாங்கம், திருக்கோவில் என்று கிழக்குக் கரையோரமாக இறங்குவினம். முழுதும் நடக்க ஒன்றரை மாதத்துக்கு மேலே எடுக்கும். தூரத்தில் பார்த்தால் பெரிய கூட்டம். கிட்டப் போய்ப் பார், ஐந்தாறு பேருக்கு ஒரு அடுப்பு, ஒரு சாக்கு அரிசி, நடத்துகிற ஒரு சாமி. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்குமட்டும் மூதூருக்கு லோஞ்ச், இல்லாவிட்டால் துறைக்குத் துறை மிதவைப் பாதையில் ஏறி இறங்கவேணும். சண்டையால் நின்று போயிருந்த யாத்திரையை 1988இல் திரும்ப நடக்க வைத்தவர்களில் முக்கியமானவர் பற்றிக் ஹரிகன் என்ற ஒரு அமெரிக்கர், தெரியுமோ? எங்கடை பாதையை எங்களுக்கு நினைவுபடுத்த அங்கேயிருந்து ஒருவர் வரவேண்டிக் கிடந்தது.

மூதூர் என்றதும் அந்த வெள்ளைக்காரன் ரொபேட் நொக்ஸ் நினைவுக்கு வாறான். 1660இல் மூதூர்க் கொட்டியாரத்தில் பிடிபட்டுக் கண்டி ராச்சியத்தில் பத்தொன்பது வருசம் கிடந்தவன். கடைசியில் தப்பி ஓடினபோதும் தனிய ஓடவில்லை. ஸ்ரீபன் ரட்லண்ட் என்ற கூட்டாளியோடு, ஊரூராகச் சாமான் விற்கிறவர்கள் மாதிரி நடந்து, அநுராதபுரக் காட்டுக்குள்ளால் அரிப்பில் இருந்த ஒல்லாந்தக் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தான். எங்களைப் படிப்பித்த ரீச்சர் இதைச் சொல்லித் தரவில்லை, தேதியை மட்டும் பாடமாக்க வைத்தா.

சரி, காட்டுக்கு வாறன். கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டிக் கொஞ்ச நாளைக்குத்தான் கூமுனைக் காட்டுப்பாதையைத் திறந்து விடுவினம். நாலைந்து நாள் நடை. விடியமுன் வெளிக்கிட்டு வெயில் ஏற நிழலில் படுத்துவிடவேணும். தமிழ்ச் சனமும் சிங்களச் சனமும் கலந்து போகுது, எல்லாருக்கும் ஒரே சத்தம், "அரோகரா". யானைப் பிண்டம் சுடச்சுடக் கிடந்தால் அந்தச் சத்தம் தானாகக் கூடும்!

நடக்கும்போது யாரும் யாரோடும் ஒட்டிக்கொண்டு போகிறதில்லை, மச்சாள். எனக்கு ஆகப் பிடிச்சது அதுதான். ரீச்சர் முன்னாலே முணுமுணுத்துக்கொண்டு போவா, தபால் அம்மா கடைசியில் ஆடி அசைந்து வருவா, நான் நடுவில் என்பாட்டில். ஒரு சொல்லும் பேசாமல் இரண்டு மணித்தியாலம் போயிருக்கிறேன். தனிய நடக்கிற சுகம் அப்படியே கிடக்குது, திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்குது. இரண்டாம் நாள் என் குதிக்காலில் கொப்புளம். மிஸ்ஸி என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்து, ஊசியை நெருப்பில் காட்டி, ஓரத்தில் மெல்லக் குத்தித் தண்ணியை எடுத்தா. மேல் தோலை உரிக்க விடவில்லை. பழஞ்சேலைத் துண்டைச் சுற்றிக் கட்டிப்போட்டு, "எழும்பும், ஆறு கிட்டத்தான்" என்றா. தனிய வந்திருந்தால் அந்த மரத்தடியில்தான் இருந்திருப்பேன்.

கும்புக்கன் ஆற்றங்கரையில் கஞ்சிக்கு உப்புப் போட்டது ஆர் என்று பெரிய சண்டை. அக்கா போட்டதை அறியாமல் மச்சாளும் போட, ஒரு வாய் வைக்க ஏலாது. பக்கத்து அடுப்பில் இருந்த காலி ஊர்ச் சனம் ரொட்டியும் கட்டைச்சம்பலும் தந்தது. அக்காவும் மச்சாளும் மாணிக்க கங்கையில் முழுகுமட்டும் முகம் பார்க்கவில்லை. காசு விசயத்தில் மட்டும் சண்டையில்லை. ஒரு பழைய பிஸ்கற் ரின்னில் ஆளுக்கு ஒரே தொகை போட்டோம், மிஞ்சினதை அக்கா சதம் பிசகாமல் பிரித்துத் தந்தா.

இனி விசயத்துக்கு வாறன். ரீச்சரின் மகளுக்கு மெல்பேணில் பிள்ளைப்பேறு, அவ அடுத்த வருசம் வரமாட்டா. ஒரு இடம் காலி. மிஸ்ஸி தன்ரை தங்கச்சியை உள்ளே தள்ளப் பார்க்கிறா. அந்த மனுசியின் குறட்டைக்குக் கூமுனை யானையே பாதை மாறிப் போயிடும். ஆனபடியால் நீ வாறதுக்கு லீவைக் கேட்டுப்போட்டு, பதிலைச் சுணக்காமல் எழுது. வரும்போது நல்ல தடித்த சொக்ஸ் ஆறு சோடி கொண்டு வா, இங்கே விற்கிறது இரண்டு நாளைக்கும் காணாது.

அன்புடன்,
உன் மச்சாள்