சேர்வராயன் தெரியும் ஜன்னல்

கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில், ஏரிக்குச் சற்றுத் தொலைவில் ஒரு பழைய ஓட்டு வீடு. அதில் தனித்து வாழும் அம்மையாருக்கு 76 வயது. பூஜையறையில் ஒரே ஒரு மர ஜன்னல். வானம் தெளிந்த நாளில் அதன் வழியே சேர்வராயன் முகடு தெரியும்.

மலையாளிப் பழங்குடி மக்கள் வழிவழியாகப் போற்றிவரும் அத்தலம் ஒரு குகைக்கோயில். சேர்வராயனும் காவேரியம்மனும் எழுந்தருளியிருக்கும் இடத்துக்குத் தலை தாழ்த்தி, உடல் குனிந்தே செல்ல வேண்டும். ஆண்டுதோறும் மே மாதத் திருவிழாவுக்குத் தவறாமல் சென்றவர்தாம் அம்மையார். முழங்கால்கள் மறுத்துவிட்ட பின்னர், காலையில் விளக்கேற்றியதும் ஜன்னலருகே நின்று முகட்டை நோக்கிக் கைகூப்புவதே அவருக்கு வாய்த்த தரிசனம். உடுப்பியில் கண்ணனை ஒன்பது துளைச் சாளரத்தின் வழியேதானே அன்பர்கள் தரிசிக்கின்றனர்! அதற்கு வேய்ந்த வெள்ளியும் துலக்காவிட்டால் கறுக்கவே செய்யும்.

ஜன்னலைத் துடைப்பது கணவரின் வேலையாக இருந்தது. அவர் மறைந்து மூன்றாண்டுகள் அதை எவரும் தொடவில்லை. உட்புறம் விளக்கின் எண்ணெய்ப்புகையும் கற்பூரக் கரியும் படிந்தன. வெளிப்புறம் பாசி பிடித்தது. முகடு மங்கலாகத் தெரிந்ததற்கு மஞ்சுதான் காரணம் என்று அம்மையார் எண்ணியிருந்தார்.

மலையூர்களில் ஜன்னலுக்கு மழையைவிட வியர்வையே பெரும்பகை. அடுப்பின் வெம்மையும் ஆவியும் கலந்த காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டதும் நீராகி வழிகிறது. கீழ்ச்சட்டத்தின் மூலையில் தேங்கி மரத்தை உளுக்கச் செய்கிறது. ஐப்பசி அடைமழையில் அந்த ஜன்னலின் கதவு ஊதி, திறக்கவே மறுத்துவிட்டது.

சேலத்திலிருந்து வந்த மகன், "அம்மா, அலுமினிய ஜன்னல் போட்டுவிடலாம். ஊதாது, உளுக்காது" என்றார். அவர் கூறியதில் பிழையில்லை. அம்மையார் ஒன்றே ஒன்று கேட்டார்: "முகடு முழுவதும் தெரியுமாப்பா?" நகரும் இரு கதவுகளில் ஒரு பாதி என்றும் மூடியே இருக்கும், கொசுவலையும் குறுக்கே வரும். மகன் விடை கூறவில்லை.

மறுநாள் வந்த தச்சர் கீழ்ச்சட்டத்தை உளியால் தட்டிப் பார்த்தார். உளுத்தது ஒரு சாண் அளவே. மற்ற மரம் வைரமாக இருந்தது. ஆயினும் உடனே இழைக்க அவர் உடன்படவில்லை. மழைக்காலத்தில் ஊதிய மரத்தை இழைத்தால் கோடையில் அது சுருங்கி இடைவெளி விடும். பங்குனியில் வந்து, உளுத்த பகுதியை மட்டும் அறுத்தெடுத்துத் தேக்குத் துண்டு பொருத்தினார். கண்ணாடி விளிம்புகளுக்குப் புதிய மக்கு வைத்து, சட்டத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினார். உரிய காலம்வரை காத்திருக்கச் சொல்லும் தொழிலாளர் கிடைப்பது இந்நாளில் அரிது.

துடைக்கும் பணியை அம்மையாரே ஏற்றார். எண்ணெய்க் கரியை வெறும் நீர் கரைப்பதில்லை. வெதுவெதுப்பான நீரில் சில துளி சோப்புக் கரைசல் கலந்து மேலிருந்து கீழாகத் துடைத்து, பின்னர் சிறிது வினிகர் சேர்த்த நீரால் கழுவினார். கடைசியில் கணவரின் பழைய பருத்தி வேட்டித் துண்டால் ஈரம் போக்கினார். சுடுவெயிலில் செய்தால் நீர் விரைந்து உலர்ந்து கோடுகள் விழும் என்பதால் காலை வேளையையே தேர்ந்தார். சட்டத்தின் அடியிலுள்ள நீர்த்துளையை ஈர்க்குச்சியால் குத்திச் சுத்தம் செய்தார். உயரப் பகுதிக்கு நீண்ட கழியில் கட்டிய துணி. முக்காலியில் ஏறுவதில்லை என்று மகனுக்கு வாக்களித்திருந்தார். தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த முதியோர் இல்லாத தெரு ஏது?

"ஆள் வைத்துக்கொள்ளக் கூடாதா?" என்று மகன் தொலைபேசியில் வினவியபோது, "அப்பர் சுவாமிக்கு உழவாரம்; எனக்கு இந்தத் துணி" என்று சிரித்தார்.

அவ்வாண்டுத் திருவிழாவன்று காலை முகடு புலப்படவில்லை. அம்மையார் துணியை எடுத்து உட்புறம் ஒருமுறை துடைத்துப் பார்த்தார். கண்ணாடியில் மாசில்லை, இம்முறை மெய்யாகவே மஞ்சுதான். அத்திசை நோக்கிக் கைகூப்பிவிட்டு, நைவேத்தியத்துக்குப் பால் காய்ச்சச் சென்றார்.