முடியின் பெயரால்

2005 ஆம் ஆண்டு இலண்டன் நகர மண்டபமொன்றில் நாம் குடும்பமாகப் பிரித்தானியப் பிரசாவுரிமை பெற்றோம். எலிசபெத் மகாராணியாருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாயிருப்போம் எனச் சத்தியம் செய்தோம். சுவரிலிருந்த படத்தைக் காட்டிப் பெரியம்மா கேட்டார்: "இந்த மனுசிக்கு உண்மையிலை அதிகாரம் இருக்கோ, தம்பி?"

"இல்லைப் பெரியம்மா. எல்லாம் பிரதமர்தான். இவர் வெறும் அலங்காரம்" என்றோம். அந்த மறுமொழி அரைகுறையானது என்பதைப் பின்னரே அறிந்தோம்.

இந்து சமுத்திரத்திலுள்ள சாகோஸ் தீவுகளின் மக்களை, அமெரிக்கப் படைத்தளம் ஒன்றுக்காக, 1968 முதல் 1973 வரை பிரித்தானியா வெளியேற்றியது. அவர்களுடைய வளர்ப்பு நாய்களைக்கூட விட்டுவைக்கவில்லை, கொன்றுவிட்டார்கள். 2000 நவம்பரில் இலண்டன் உயர் நீதிமன்றம் அம்மக்களைத் தடுத்துவைத்த சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. வெளியுறவு அமைச்சர் றொபின் குக் அதனை ஏற்றுக்கொண்டார். டியேகோ கார்சியா தவிர்ந்த தீவுகளுக்குத் திரும்ப வழி பிறந்தது.

2004 யூன் 10 அன்று அவ்வழி அடைக்கப்பட்டது. அடைத்தது பாராளுமன்றமன்று, கோமறைக் கழகம். (ஒரு காலத்தில் இலங்கையின் இறுதி மேன்முறையீடுகள் போனதும் இக்கழகத்தின் நீதிக்குழுவுக்கே.) அங்கு அமைச்சர் சிலர் நின்றபடியே இருப்பர், கட்டளைகளின் தலைப்புகள் வாசிக்கப்படும், முடிக்குரியவர் ஒற்றைச் சொல்லில் அங்கீகரிப்பார். அன்று பிறந்த கட்டளைப்படி அத்தீவுகளில் எவருக்கும் வதியும் உரிமை இல்லை. 2008 இல் பிரபுக்கள் சபை நீதிபதிகள் மூவர், இருவரின் மறுப்பையும் மீறி, அது செல்லும் என்றனர்.

மகாராணியார் இதனை விரும்பினாரா என்பதன்று எமது கேள்வி. அமைச்சரின் ஆலோசனைப்படியே அவர் நடந்தார். ஆயின் முடிக்கு அவ்வதிகாரம் இருந்தபடியாலன்றோ, ஒரு வாக்கெடுப்புமின்றி ஒரு மக்களின் ஊரை அமைச்சர்கள் பறிக்க முடிந்தது? மன்னர் தாமாகப் பயன்படுத்தாத அதிகாரத்தைப் பிறர் அவர் பெயரால் பயன்படுத்துவதே எமக்குக் கூடுதல் அச்சம் தருகிறது. கேள்வி கேட்க ஆளில்லை. இதையெல்லாம் நாம் சத்தியம் செய்வதற்கு முந்தைய ஆண்டே செய்து முடித்திருந்தார்கள்.

அந்தத் தீவுக்கே 2021 ஒக்டோபரில் எம்மவர் படகொன்று போய்ச் சேர்ந்தது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் கூடாரங்களில் அடைபட்டிருந்தோரிற் பெரும்பாலானோர் 2024 டிசெம்பரிலேயே பிரித்தானியாவுக்குக் கொண்டுவரப்பட்டனர். அம்மாதமே நீதிமன்றம் அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்றது.

அவர்களும் என்றோ ஒருநாள் ஏதாவதொரு நகர மண்டபத்தில் சத்தியம் செய்யக்கூடும். சுவரிலே இப்போது சாள்ஸ் மன்னரின் படம்.