கேள்வி ஞானமும் ஏட்டுக் கல்வியும்

மேனாட்டு இசையுலகில் புகழ்பெற்ற பலருக்கு எழுதிய இசையைப் படிக்கத் தெரியாது என்னும் செய்தியை நாம் அடிக்கடி கேட்கிறோம். கேட்குந்தோறும் உள்ளத்தில் ஒரு சிறு மகிழ்ச்சி எழுவதையும் உணர்கிறோம். கல்லாமலே உயரலாம் என்ற எண்ணம் எவருக்குத்தான் இனிக்காது? நமக்கு அறிமுகமான இளைஞர் ஒருவர் இதையே காரணங்காட்டிப் பியானோ வகுப்பை விட்டும் நின்றுவிட்டார். செய்தி மெய்யாகலாம், அதிலிருந்து அவர் கண்ட முடிவும் மெய்தானா?

செய்தி மெய்தான். 1977-இல் மறைந்த ஜாஸ் பியானோ மேதை எரால் கார்னர் இசைக்குறிகளைப் படிக்கக் கற்றதே இல்லை. செவியே அவருக்கு ஆசானாயிற்று. 1954-இல் அவர் படைத்த ‘மிஸ்டி’ இன்றும் வாசிக்கப்படுகிறது. அமெரிக்கப் பாடலாசிரியர் இர்விங் பெர்லினோ பெரும்பாலும் கறுப்புக் கட்டைகளிலேயே வாசித்தார். சுருதியை மாற்றுவதற்கென நெம்புகோல் பொருத்திய தனிப் பியானோ ஒன்றை வைத்திருந்தார். ‘பீட்டில்ஸ்’ குழுவின் ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் இசைக்குறி எழுதப் படிக்க அறியாதவர்களே.

ஆயினும் இவர்களின் அருகில் யார் இருந்தார்கள் என்பதையும் நாம் பார்க்க வேண்டும். பெர்லினின் மெட்டுகளைக் கேட்டு ஏட்டில் ஏற்ற உதவியாளர்கள் இருந்தார்கள். 1965-இல் ‘யெஸ்டர்டே’ பாடலுக்கு இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ சேர்க்கப்பட்டபோது, அக்கலைஞர்களின் முன் வைக்க எழுத்து வேண்டியிருந்தது. அதனை எழுதியவர் லண்டன் கில்டுஹால் இசைப்பள்ளியில் பயின்ற ஜார்ஜ் மார்ட்டின். நரம்புகளின் ஒலி அதிர்வின்றி ஒலிக்க வேண்டுமென விரும்பியது மெக்கார்ட்னியின் செவி. அதை நால்வர் விரல்களுக்கும் கொண்டு சேர்த்தது மார்ட்டினின் எழுத்து. ஒருவர் அறியாத எழுத்தை மற்றொருவர் அறிந்திருந்தார், அவ்வளவே.

எழுத்தைக் கற்றால் உள்ளத்து ஊற்று வற்றிவிடும் என்று அஞ்சுவாரும் உளர். அவர்கள் லூயி ஆம்ஸ்டிராங்கை நினைக்க வேண்டும். நியூ ஆர்லியன்ஸில் செவிவழியாகவே வளர்ந்த அவர், மிசிசிப்பி ஆற்றுக் கப்பல்களில் ஃபேட் மரபிளின் குழுவோடு 1921 வரை வாசித்த காலத்தில்தான் இசைக்குறிகளைச் செம்மையாகப் படிக்கப் பழகினார். அதனால் அவருடைய ஊற்று வற்றியதா? 1928-இல் அவர் பதிவு செய்த ‘வெஸ்ட் எண்ட் புளூஸ்’ இசைத்தட்டே விடை கூறும். அதன் தொடக்கத்தில் தனித்து எழும் அவரது எக்காள ஒலியைக் கேட்டவர் மீண்டும் இக்கேள்வியை எழுப்பமாட்டார்.

கார்னருக்கு எழுத்து இல்லை என்பதை நினைவிற்கொள்ளும் நாம், அவருக்கு எத்தகைய செவி இருந்தது என்பதை மறந்துவிடுகிறோம். குழந்தைப் பருவந்தொட்டு ஓயாது கேட்டும் வாசித்தும் பெற்ற பயிற்சி அது. ஏட்டை விலக்குபவர் அந்த உழைப்பையாவது ஏற்க வேண்டும். இரண்டையும் விலக்கிவிட்டு மேதைகளின் பெயரை மட்டும் துணைக்கு அழைப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதையாகாது.