அந்த இடத்தில் இன்னொரு குரல்

பாடியவர் போனபின் அவருடைய பாட்டைப் பிறர் பாடக் கேட்பதில்லை என்று ஒரு பிடிவாதம் என்னிடம் இருந்தது. அதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று நாடறிந்தது. மற்றது எங்கள் வீடு மட்டுமே அறிந்தது.

2020ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள், எஸ்.பி. பாலசுப்பிரமணியம் தமது 74ஆம் வயதில் சென்னையில் காலமானார். எட்டு மாதங்கள் கழித்து, கொரோனாவின் இரண்டாம் அலையில் என் அண்ணன் மறைந்தார். அண்ணனை உலகம் அறியாது. ஆயினும் 1980களிலும் 90களிலும் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் திருவிழாக்களுக்கும் திருமணங்களுக்கும் சென்றவர்கள் அவர் குரலை ஒருமுறையேனும் கேட்டிருப்பார்கள். ஒரு மெல்லிசைக் குழுவின் முதன்மைப் பாடகர் அவர். பகலில் தொழிற்சாலை வேலை. இரவில் பாலுவின் பாடல்கள். ரயில் பாதையை ஒட்டிய மேடைகளில் பாடும்போது மின்சார ரயில் இரைச்சலோடு கடந்து செல்லும். அண்ணன் பாட்டை நிறுத்தவும் மாட்டார், குரலை உயர்த்தவும் மாட்டார். ரயில் போனபின் காது கொடுத்தால், தாளம் பிசகாமல் பாட்டு எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கும்.

அவர் இறந்த ஏழாம் மாதம் குழுவின் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கிட்டார் வாசிப்பவர், அண்ணனோடு முப்பது ஆண்டுகள் மேடையேறியவர்.

"தம்பி, ஒரு பையன் கிடைத்திருக்கிறான். அண்ணன் பாடியதையெல்லாம் பாடுகிறான். வரும் திருவிழாவில் மறுபடி மேடையேறலாம் என்று இருக்கிறோம். உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யலாம் என்று வந்தேன்" என்றார்.

"அண்ணன் நின்ற இடத்தில் இன்னொருவனை நிறுத்த உங்களுக்கு எப்படி மனம் வந்தது?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. என் மனைவி கொண்டுவந்து வைத்த காபியைத் தொடாமலே எழுந்து போனார்.

2022ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள், தீவுத்திடலில் இளையராஜாவின் இசைநிகழ்ச்சி நடந்தது. என் மகள் என்னைக் கேட்காமலேயே எனக்கும் சேர்த்துச் சீட்டு வாங்கியிருந்தாள். "பாலு இல்லாமல் அங்கே என்ன இருக்கிறது?" என்றேன். "வந்து பாருங்கள் அப்பா" என்றாள். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் கோட்டை நிலையத்தில் இறங்கும்வரை நான் அவளோடு அதிகம் பேசவில்லை.

பாலுவின் பாடல்களுள் ஒன்றன் முன்னிசை தொடங்கியது. அந்தக் கணத்தை எப்படி எழுதுவது? வயலின்கள் அதே வயலின்கள். குழல் அதே குழல். நாற்பது ஆண்டுகளாக நெஞ்சில் பதிந்த அந்த இசை முடியும் இடத்தில் ஒரு குரல் வரவேண்டும். வரப்போவது அந்தக் குரல் அன்று என்று அறிவு சொல்கிறது. காதோ அதற்காகவே காத்திருக்கிறது. வேறொரு குரல் வந்தது. குற்றம் சொல்ல முடியாத, நல்ல குரல்தான். என் கைகள் மட்டும் தட்ட மறுத்தன. பக்கத்தில் மகள் பாடிக்கொண்டிருந்தாள். முன் வரிசையில் என் வயதுடைய ஒருவர் கண்களைத் துடைத்தபடியே பாடினார். மேடையில் இல்லாத குரலைத் திடலில் இருந்தவர்கள் சேர்ந்து நிரப்புவதுபோல் எனக்குத் தோன்றியது.

அப்போது மேடையில் அமர்ந்திருந்த இசையமைப்பாளரைப் பார்த்தேன். 1976இல் 'அன்னக்கிளி' வெளிவருவதற்கு முன்பு, பாலு நடத்திய மெல்லிசைக் குழுவில் இளையராஜாவும் பாஸ்கரும் கங்கை அமரனும் வாத்தியம் வாசித்தவர்கள் என்பது இசை ரசிகர்கள் அறிந்த செய்தி. நண்பர்கள் இருவருக்கும் இடையே 2017இல் பாடல் உரிமை குறித்து மனவருத்தம் எழுந்ததும், 2019இல் அவர்கள் மீண்டும் ஒரே மேடையில் சேர்ந்ததும் நாம் அறிந்தவையே. அந்தக் குழுவின் பாடகரை இழந்தவர் அவரும்தானே! என்னைக் காட்டிலும் அவருக்கன்றோ இழப்பு அதிகம்? அவர் அந்தப் பாடல்களைப் பூட்டி வைக்கவில்லை. வேறு குரல்களிடம் கொடுத்துவிட்டு, அவை பாடப்படுவதைக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருந்தார்.

திரும்பும் ரயிலில் மற்றொன்றும் நினைவுக்கு வந்தது. 1969இல் 'அடிமைப்பெண்' வெளிவந்தபோது பாலுவுக்கு 23 வயதுகூட நிரம்பவில்லை. எம்.ஜி.ஆர். திரையில் பாடினால் அது டி.எம். சௌந்தரராஜனின் குரல் என்றே தமிழகம் பழகியிருந்த காலம் அது. அந்த இடத்தில் ஆந்திரத்திலிருந்து வந்த ஓர் இளைஞனின் மெல்லிய குரல் நிலவை அழைத்தது. அவர் காய்ச்சலில் விழுந்தபோதும், வேறு பாடகரைத் தேடாமல் அவர் தேறும்வரை எம்.ஜி.ஆர். காத்திருந்தார் என்பதைப் பாலுவே நன்றியோடு பலமுறை சொல்லியிருக்கிறார். ஆக, ஈடு இணையற்றது என்று நான் போற்றிய குரலும் முதன்முதலில் இன்னொருவருடைய இடத்தில் ஒலித்த குரலே. அன்று கேட்டவர்கள் எல்லாரும் என்னைப்போல் காதைப் பொத்திக்கொண்டிருந்தால் நமக்குப் பாலு ஏது?

மே மாதம் திருவிழா வந்தது. யாரிடமும் சொல்லாமல் போய், கூட்டத்தின் கடைசியில் தேநீர்க் கடை ஓரமாக நின்றேன். மைக் முன்னே இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பையன். சட்டை அவனுக்குச் சற்றுப் பெரிதாக இருந்தது. நன்றாகவே பாடினான். பிறகு 1990இல் வந்த 'கேளடி கண்மணி'யின் அந்தப் புகழ்பெற்ற பாட்டைத் தொடங்கினான். அதன் சரணங்கள் மூச்சே விடாமல் பாடியவைபோல் ஒலிக்கும். ஒலிப்பதிவுக் கூடத்தில் இயல்வது மேடையில் எளிதன்று. முதல் சரணத்தின் பாதியில் அவனுக்கு மூச்சு அற்றது. சொற்கள் நின்றன. கிட்டார் மட்டும் நிற்கவில்லை. தலைவர் அவன் முகத்தைப் பார்த்தபடி அதே சுழற்சியை இரண்டு முறை வாசித்துக் காத்திருந்தார். பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மீண்டும் எடுத்தான். கூட்டம் கைதட்டியது. என் கைகளும் தட்டின.

அவன் எங்கே தவறினான் என்பது எனக்குத் தெரியும். அண்ணனும் தொடக்கத்தில் அதே இடத்தில்தான் தடுமாறினார். கேட்பவருக்குத் தெரியாமல் எந்தெந்தச் சொல்லின் முடிவில் மூச்சைத் திருடலாம் என்று பல இரவுகள் பாடிப் பார்த்து, தம் பாட்டு நோட்டில் பென்சிலால் சிறு கோடுகள் இட்டு வைத்தார். அந்த நோட்டு என் அலமாரியில், துணிகளுக்கு அடியில் ஓராண்டாகக் கிடந்தது. அண்ணனின் நினைவைக் காப்பதாக எண்ணி, அவருடைய உழைப்பை அல்லவா நான் புதைத்து வைத்திருந்தேன்!

மறுநாள் காலை நோட்டை எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனேன். "அந்தப் பையனிடம் கொடுங்கள். கோடு போட்ட இடங்களில் மூச்சு வாங்கச் சொல்லுங்கள்" என்றேன். அன்று பேசியதற்காக மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். சொல் வரவில்லை.

அவர் நோட்டைப் பிரித்து, ஒரு பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்:

"தம்பி வந்திருக்கிறார். இரண்டு காபி கொண்டுவா."