ஒரே பாஸ்வேர்டு, அஞ்சு பேர்... தங்கம் விலையில் நான் செய்த சொதப்பல்!

காலை 10.40 இருக்கும். ஆபீஸ் லேண்ட்லைன் அடித்தது.

"ஏம்மா, உங்க சேனல்ல போட்ட தங்கம் விலையைப் பார்த்துட்டுத்தான் கிளம்பி வந்தேன். கடையில சவரனுக்கு 720 ரூபாய் கூடச் சொல்றாங்க. எதும்மா சரி?"

பெரியவர் ஒருவர். பெண்ணுக்கு நிச்சயதார்த்தமாம். அஞ்சு சவரன் எடுக்க எண்ணிப் பணம் கொண்டுவந்திருக்கிறார். 3,600 ரூபாய் இடிக்கிறது.

கடைக்காரர் சொன்னதுதான் சரி. நாங்கள் அனுப்பியது இரண்டு நாள் பழைய விலை.

எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் தங்கம் விலையை யாரும் உட்கார்ந்து அனுப்புவதில்லை. கூகுள் ஷீட்டில் விலையைப் போட்டால் போதும்; அதை எடுத்து, வாக்கியமாக்கி, டெலிகிராம் சேனலுக்கு அனுப்பும் வேலையை 'என்8என்' என்கிற ஆட்டோமேஷன் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். 2019-ல் பெர்லினில் பிறந்த மென்பொருள். 'நோட்மேஷன்' என்பதன் ஆங்கில எழுத்துகளில் முதலுக்கும் கடைசிக்கும் நடுவே எட்டு எழுத்துகள் இருப்பதால் அந்தப் பெயர். பெயரைக் கேட்டதும் ஏதோ பஸ் ரூட் நம்பர் என்றுதான் முதலில் நினைத்தேன்.

இதை அமைத்துக் கொடுத்தவர் எங்கள் சீனியர் அக்கா. அவர் வேலையை விட்டுப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆனால், அவருடைய லாகின் போகவில்லை. ஷீட்டைத் திறக்கும் அனுமதி, டெலிகிராமுக்கான சாவி எல்லாமே அவர் கணக்கில் இருந்தன. 'அதை மூடினா எல்லாம் நின்னுடும்' என்று பயந்து யாரும் தொடவில்லை. பாஸ்வேர்டு எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் பின் செய்யப்பட்டிருந்தது. அஞ்சு பேரும் அக்காவாகத்தான் உள்ளே போவோம், அக்காவாகத்தான் வெளியே வருவோம். ஊரில் பாட்டி வீட்டுச் சாவி திண்ணை மாடக்குழியில் இருக்கும். தெருவுக்கே தெரியும். அதே கதைதான்.

எடிட்டர் சார் வந்தார். மாற்றங்களின் வரலாற்றைத் திறந்தோம். முந்தைய நாள் இரவு 11.40-க்கு யாரோ ஷீட்டை மாற்றியிருக்கிறார்கள். பெயர்? அக்காவின் பெயர்! அவரோ வேறு வேலையில், வேறு ஊரில்.

"நைட் ஷிஃப்ட் யாரு?"

பயிற்சிக்கு வந்திருந்த தம்பி எழுந்து நின்றான். சேர்ந்து மூன்று வாரம். "சார், நான் அதைத் தொடவே இல்ல சார்" என்றான். சார் திட்டவில்லை. "சரி, உட்காரு" என்று மட்டும் சொன்னார். அது திட்டுவதைவிட மோசம். பயிற்சி முடிந்து அவனை எடுப்பதா வேண்டாமா என்பது சார் கையில்தான் இருந்தது.

மாற்றியது நான்.

வெள்ளி விலையையும் சேர்க்கலாமே என்று வீட்டிலிருந்தே லேப்டாப்பில் சோதித்துக்கொண்டிருந்தேன். ஓடிக்கொண்டிருந்த வொர்க்ஃப்ளோவிலேயே என்னுடைய ஒத்திகை ஷீட்டை இணைத்துப் பார்த்துவிட்டு, திருப்பி மாற்றாமல் தூங்கிப்போனேன். பெரியவரின் போன் வந்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. சரியான விலையைப் போட்டேன், திருத்தமும் வெளியிட்டேன். ஆனால், தம்பி எழுந்து நின்றபோது வாயைத் திறக்கவில்லை. திரையில் என் பெயர் இல்லையே! அந்தத் தைரியம்தான். மதியம் அவன் டிபன் பாக்ஸைத் திறக்காமலே மூடி வைத்ததைப் பார்த்த பிறகுதான் சார் அறைக்குப் போனேன்.

முழுவதும் கேட்டுவிட்டு, "உன் பேர் அங்க இருந்திருந்தா காலையிலயே சொல்லியிருப்பே, இல்ல?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

தண்டனையாக வந்ததுதான் சாவிக்கொத்தைப் பிரிக்கும் வேலை. இரண்டு நாள் பிடித்தது. மென்பொருளிலேயே இதற்கு வழி இருக்கிறது, நாங்கள்தான் பார்க்கவில்லை. அஞ்சு பேருக்கும் தனித்தனி லாகின். தங்கம் விலை, ராசிபலன் இரண்டுக்கும் தனித்தனி 'புராஜெக்ட்'. அதற்குள் யார் மாற்றலாம், யார் பார்க்க மட்டும் செய்யலாம் என்று பிரித்தேன். டெலிகிராம் சாவியை உரியவர்களோடு பகிர்ந்தால், அவர்கள் அதைப் பயன்படுத்தலாம். ஆனால், அந்த ரகசிய எழுத்துகளைத் திறந்து பார்க்க முடியாது. சமையல்காரருக்கு அடுப்படியைக் கொடுத்துவிட்டு, பீரோ சாவியை இடுப்பிலேயே வைத்துக்கொள்வது மாதிரி. கூகுள் இணைப்பையும் யாருடைய சொந்த மெயிலிலும் வைக்காமல், டெஸ்க்குக்கென்று ஒரு பொது மெயில் தொடங்கி அதில் மாற்றினேன்.

கடைசியாக அக்காவின் கணக்கை நீக்கப் போனேன். 'இவருடைய வொர்க்ஃப்ளோக்களையும் சாவிகளையும் வேறொருவருக்கு மாற்றவா, அழிக்கவா?' என்று அதுவே கேட்டது. இரண்டு மாதமாக நாங்கள் பயந்தது இந்த ஒரு கேள்விக்குத்தான்! அக்காவுக்கு போன் செய்து சொன்னேன். "அப்பாடா... இவ்ளோ நாள் என் பேர்லயா ஓட்டிட்டு இருந்தீங்க? நல்லவேளை, வேற எதுவும் ஆகல" என்றார். குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது. நியாயம்தானே?

பெரியவருக்கும் பேசினேன். மருமகனிடம் போனில் பணம் வாங்கிச் சமாளித்துவிட்டாராம். "இனிமே கடையில ஒரு வார்த்தை கேட்டுக்கறேம்மா" என்றார் சாந்தமாக. அதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

தம்பியிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லக்கா" என்றான். இப்போது வரலாற்றுப் பக்கத்தில் அவன் பெயரும் வருகிறது. ஒரு கமாவை மாற்றினாலும் எனக்கு மெசேஜ் அனுப்புகிறான்: 'அக்கா, 4.12-க்கு மாத்தினது நான்தான்.'